பழைய சிந்தசைசர் பழைய இரும்பு அன்று

வீட்டில் ஒரு பொருள் பழையதாகிவிட்டால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது காயலான் கடை. ஓடாத மிக்ஸி, உடைந்த பிளாஸ்டிக் குடம், கட்டுக் கட்டாகச் செய்தித்தாள் ஆகியவற்றோடு தராசில் ஏறிவிடும் பொருள்களில் ஒன்று, கையில் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய மின்னணு இசைக்கருவி. இதனைச் சிந்தசைசர் என்றும் கீபோர்டு என்றும் சொல்கிறோம். எங்கள் வீட்டுப் பெரியவர்களோ, எந்தக் கம்பெனி செய்திருந்தாலும் 'கேசியோ' என்றே சொல்வார்கள். இத்தகைய பழைய கருவிகளைத் தேடிச் சேர்த்து, பழுது நீக்கி, வாசித்து மகிழ்வோர் உலகெங்கும் இருக்கின்றனர். "இது என்ன வேண்டாத வேலை?" என்று அவர்களைப் பார்த்துச் சிரிப்போரும் உண்டு. அது மிகவும் வேண்டிய வேலை என்பதே என் கருத்து. படப்பையில் வாழும் நாம் அதைப் பிறரைவிட நன்றாகச் செய்ய இயலும் என்றும் நம்புகிறேன்.

முதலில் இக்கருவி எவ்வாறு ஒலிக்கிறது என்று பார்ப்போம். வீணையில் கம்பி அதிர்கிறது. நாதஸ்வரத்தில் சீவாளி அதிர்கிறது. சிந்தசைசரில் மின்சாரமே அதிர்கிறது. கருவியின் ஒரு பகுதி மின் அலையை உண்டாக்கும். அந்த அலையில் வேண்டாத பகுதியை இன்னொரு பகுதி வடிகட்டும். ஒலி சட்டென்று எழ வேண்டுமா, மெல்ல எழுந்து மெல்ல மறைய வேண்டுமா என்பதை மூன்றாவது பகுதி முடிவு செய்யும். பிறகு ஒலிபெருக்கி அதனை நம் காதுக்குத் தரும்.

தொடக்கத்தில் இவை அலமாரி அளவு பெரியவை. 1969இல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அத்தகைய மூக் சிந்தசைசர் ஒன்று நிறுவப்பட்டது. நம் நாட்டினர் சிலர் அதில் இசை அமைத்தும் பார்த்தனர். 1970இல் வந்த மினிமூக் என்னும் கருவியை ஒருவரே தூக்கிச் செல்லலாம். ஆயினும் அதன் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. அந்தக் குறையைத் தீர்த்தவை ஜப்பான் நாட்டின் சிறிய கருவிகள். கணிப்பான்கள் செய்துவந்த கேசியோ நிறுவனம் 1980இல் இசைக்கருவிகளையும் விற்கத் தொடங்கியது. அதன் வி.எல்-1 என்னும் கருவி கணக்கும் போடும், பாட்டும் பாடும்! எட்டு இலக்க எண் ஒன்றை அழுத்திப் புதிய ஒலியை நாமே அமைத்துக்கொள்ளலாம். பேட்டரி போட்டால் போதும், மரத்தடியிலும் வாசிக்கலாம்.

இங்கே ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒகுடா ஹிரோகோ என்பவர் இசைக் கல்லூரியில் படித்து முடித்து 1980இல் கேசியோவில் வேலைக்குச் சேர்ந்தார். 1981இல் வெளியான எம்.டி-40 என்னும் சிறிய கீபோர்டுக்கு அவர் ஒரு தாளக்கட்டு அமைத்தார். சில ஆண்டுகளில் அக்கருவி ஜமைக்கா தீவில் ஓர் இளைஞரின் கையில் கிடைத்தது. 1985இல் வெய்ன் ஸ்மித் பாடி, கிங் ஜாம்மி தயாரித்த பாடலுக்கு அந்தத் தாளக்கட்டே அடித்தளம் ஆயிற்று. அந்நாட்டு இசையின் போக்கையே அது மாற்றிவிட்டது. அதே தாளத்தின்மேல் நூற்றுக்கணக்கான பாடல்கள் பின்னர் எழுந்தன. எளியவர் வாங்கக்கூடிய ஒரு சிறு பெட்டியில், வேலைக்குப் புதிதான ஒரு பெண் அமைத்த சில விநாடி ஒலி! அப்பெட்டியை எடைக்குப் போடலாமா?

நம் தமிழ்நாட்டிலும் இக்கருவிகள் பலருக்குச் சோறு போட்டிருக்கின்றன. ஏ.ஆர். ரகுமானின் தந்தை ஆர்.கே. சேகர் 1976இல் மறைந்தபோது ரகுமான் ஒன்பது வயதுச் சிறுவர். தந்தை விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே அக்குடும்பம் வாழ்ந்தது. அன்றே அவற்றை விற்றுத் தீர்த்திருந்தால் அந்தச் சிறுவர் எதில் விரல் வைத்துப் பழகியிருப்பார்? கல்யாண மேடை மெல்லிசைக் குழுக்கள், கோயில் திருவிழாக் கச்சேரிகள், நம் ஆலயப் பாடகர் குழு என எங்கு நோக்கினும், ஆளுயரப் பியானோ நுழைய முடியாத இடங்களில் நுழைந்தது இந்தச் சிறிய கருவியே.

சிலர் கேட்கலாம்: "கைப்பேசியிலேயே இந்த ஒலிகள் எல்லாம் வருகின்றனவே, பழைய பெட்டி எதற்கு?" வருவது உண்மைதான். ஆனால் கைப்பேசியில் ஆயிரம் ஒலிகள் இருப்பதால் எதிலும் நாம் ஐந்து நிமிடம் தங்குவதில்லை. பழைய கருவியில் பத்து இருபது ஒலிகளே இருக்கும். அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று மூளை யோசிக்கும்; விரல் பழகும். மேலும், வாசிக்கும்போது நடுவில் யாரும் குறுஞ்செய்தி அனுப்பமாட்டார்கள்!

"கீபோர்டில் நம் இசையின் கமகம் வராதே" என்பது இன்னொரு தடை. இதில் நியாயம் உண்டு. ஸ்வரங்கள் கட்டை கட்டையாக நிற்கும் என்ற இதே குறையைச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்திருந்தது. ஆனால் பல சிந்தசைசர்களில் ஸ்வரத்தை வளைப்பதற்கென்றே ஒரு சக்கரம் இருக்கிறது. அதனைக் கொண்டு கே. சத்தியநாராயணன் போன்ற கலைஞர்கள் கீபோர்டிலேயே முழுக் கர்நாடக இசைக் கச்சேரி செய்கின்றனர். குறை கருவியில் பாதி என்றால் பழக்கத்தில் பாதி.

அதே வேளையில், சேர்ப்பவர்கள் எல்லாரையும் நான் பாராட்டமாட்டேன். பழைய மினிமூக் இன்று பல லட்சம் ரூபாய் பெறும். அதை வாங்கி, கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்து, விலை ஏறட்டும் என்று காத்திருப்பவர் இசை அன்பர் அல்லர், அவர் வட்டிக்கடைக்காரர். இசைக்கருவி வாசிக்கப்பட வேண்டும். வாசிக்காமல் வைத்தால் பேட்டரி கசிந்து, கம்பிகள் பச்சை பூத்து, அதுவே கெட்டுவிடும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகாலில் யமஹா மோட்டார் சைக்கிள்கள் தயாராகின்றன. அந்த வண்டிகளின் முத்திரையை உற்றுப் பாருங்கள், தோழியரே! மூன்று இசைக்கவைகள் தெரியும். ஆம், அந்தப் பெயரின் கதையே பழுது பார்ப்பதில்தான் தொடங்கியது. 1887இல் ஹமமாட்சு நகரில் ஒரு பள்ளியின் கெட்டுப்போன ஆர்கனைச் சரிசெய்ய அழைக்கப்பட்டவர் தொரகுசு யமஹா. அதைப் பிரித்துப் பார்த்துக் கற்றே அவர் கருவி செய்பவர் ஆனார். 2019 முதல் சென்னையை அடுத்த யமஹா இசைக்கருவித் தொழிற்சாலையில் கீபோர்டுகளும் தயாராகின்றன.

நம் வகுப்பில் எத்தனை பேருடைய அம்மாவும் அக்காவும் சித்தியும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் பஸ்ஸில் போய் வருகிறார்கள்! என் அம்மா திருமணத்துக்கு முன்பு கைப்பேசிப் பலகைகளில் சால்டரிங் செய்தவர். மயிரிழை போன்ற கம்பியைக் கை நடுங்காமல் பற்றவைப்பார். அந்தத் திறமை இன்று எங்கள் வீட்டு டார்ச் லைட்டுக்கு மட்டுமே பயன்படுகிறது. பொருள்களைப் புதிதாகச் செய்யத் தெரிந்த ஊர் இது. பழுது நீக்கத் தெரியாதா?

வேலையும் மலைக்க வைப்பதன்று. கட்டை அழுத்தியும் ஒலிக்கவில்லையா? பெரும்பாலும் அதன் அடியிலுள்ள ரப்பர்க் குமிழிலும் பலகையிலும் தூசி படிந்திருக்கும். பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் பேசிவிடும். ஆல்கலைன் பேட்டரி கசிந்திருக்கிறதா? கையுறை அணிந்து சிறிது வினிகரால் துடைக்க வேண்டும். காரத்தை அமிலம் நடுநிலையாக்கும் என்று நாம் பாடத்தில் படித்தது அங்கே கண்ணெதிரே நடக்கும். மற்ற உதிரிப் பாகங்களுக்குச் சென்னை ரிச்சி தெரு இருக்கிறது. முதன்மைச் சிப் எரிந்துவிட்டால் மட்டும் பெரும்பாலும் வழியில்லை. அப்போதும் அதன் கட்டைகளையும் ஒலிபெருக்கியையும் எடுத்து, அதே வகையான இன்னொரு கருவிக்கு உயிர் கொடுக்கலாம். பலவற்றைச் சேர்த்து வைப்பதன் பயன் இதுவே.

நம் பள்ளிப் பொருளறையில் இரண்டு பழைய கீபோர்டுகள் கிடக்கின்றன. புதியது வந்துவிட்டபடியால், கோடை விடுமுறையில் பழைய சாமான்களோடு அவற்றையும் போட்டுவிடலாம் என்ற பேச்சு காதில் விழுந்தது. புதிய கருவி பாடகர் குழுவுக்கு வேண்டியதே. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதைத் தொட எட்டுப் பேருக்குத்தான் வாய்ப்பு. வீட்டில் கருவி வாங்க இயலாத மற்றப் பிள்ளைகள் எதில் 'ச ரி க ம' பழகுவார்கள்? தலைமை ஆசிரியை அருட்சகோதரி அவர்களுக்கும் இசை ஆசிரியைக்கும் பணிவுடன் ஒரு வேண்டுகோள். அவ்விரண்டையும் எங்களிடம் தாருங்கள். சனிக்கிழமை மாலைகளில் அம்மாக்களில் சிலரை அழைத்து, ஆசிரியை ஒருவர் மேற்பார்வையில் நாங்கள் பழுது நீக்குகிறோம். தோழியரே, உங்கள் வீட்டுப் பரணில் கிடப்பதையும் கொண்டு வாருங்கள். சரியான கருவிகளை ஆறாம் வகுப்புத் தங்கைகள் வாரம் ஒருவராக வீட்டுக்கு எடுத்துச் சென்று பழகட்டும்.

காயலான் கடையில் அவற்றுக்கு என்ன கிடைக்கும்? எடைக்குச் சில ரூபாய். ஒரு சிறுமியின் விரலுக்குக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை எந்தத் தராசும் சொல்லாது. வாசித்துப் பார்த்தால்தான் தெரியும்.