சிவப்புக் குமிழ்

விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து ஐந்து திசைக்கு ரயில் உண்டு. சென்னை, விருத்தாசலம், கடலூர், திருவண்ணாமலை, பாண்டிச்சேரி. ஆகாயத்துக்கு மட்டும் பிளாட்பாரம் கிடையாது. (உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர் காலத்து ஓடுபாதை ஒன்று உண்டு. அதில் பிளேன் பார்த்ததாகச் சொல்பவர் யாரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.) அந்தக் குறையைத் தீர்க்க என் அக்கா பையன் மாடி அறையில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறான்.

திண்டிவனத்தில் ஒரு ரைஸ் மில்லுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு தட்டிக்கொண்டிருந்தபோது அக்கா போன் பண்ணினாள்.

"டேய், இவன் ராத்திரி ஒரு மணிக்கு பிளேன் ஓட்டறான். இப்ப அதுல ஏதோ கெட்டுப் போச்சாம். மூணு நாளா சரியா சாப்பிடலை. பி.காம். மூணாவது வருஷம்டா. நீ வந்து ரெண்டு வார்த்தை புத்தி சொல்லிட்டுப் போ."

பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றபோது இரண்டு வார்த்தையும் தயாராகிவிட்டது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் மருமகன் பைக்கோடு நின்றான்.

"மாமா, அம்மாகிட்ட நீங்க ஒரு விஷயம் பேசணும். அதுக்கு முன்னால என் த்ராட்டிலைப் பாருங்க."

பார்த்தேன். மேஜை விளிம்பில் ஒரு கறுப்புப் பெட்டி, அதில் மூன்று லீவர்கள். செகண்ட் ஹாண்டில் வாங்கியதாம். கறுப்புக் குமிழ் த்ராட்டில், அதாவது ஆக்ஸிலரேட்டர். நீலம் ப்ரொபெல்லர். சிவப்பு மிக்ஸ்சர், காற்றோடு எவ்வளவு பெட்ரோல் கலக்க வேண்டும் என்பது. நிஜமான சின்ன விமானங்களிலும் இதே நிறம்தான், இடமிருந்து வலமாக இதே வரிசைதான்.

"என்ன கம்ப்ளெயிண்ட்?"

"கறுப்பை மேலே தள்ளினா ஸ்பீடு குறையுது. இறங்கும்போது முழுசா கீழே இழுத்தாலும் 11 பர்சென்ட் நிக்குது. பிளேன் ரன்வேயில உட்காரவே மாட்டேங்குது. சிவப்பு சும்மா இருக்கும்போதே துள்ளி, இன்ஜின் இருமுது. நீலம் வேலையே செய்யலை."

எனக்கு இன்ஜின் தெரியாது. ஆனால் ஸ்டாக் எடுக்கத் தெரியும். கோடவுனில் இருப்பது ஒன்று, லெட்ஜரில் இருப்பது ஒன்று என்றால் என்ன செய்வோம்? நேரில் போய் எண்ணி, புத்தகத்தைத் திருத்துவோம். இதுவும் அதேதான் சார். லீவருக்கு அடியில் பழைய ரேடியோவின் வால்யூம் கன்ட்ரோல் மாதிரி ஒரு சமாசாரம் இருக்கிறது. லீவர் நகர நகர வோல்டேஜ் மாறும். அதை 0 முதல் 255 என்றோ, 0 முதல் 1023 என்றோ எண்ணாக்கிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கம்ப்யூட்டருக்கு லீவரின் இரண்டு கோடி எது என்று தெரியாது. நாம்தான் காட்டித் தர வேண்டும்.

விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து, மூன்றையும் மேலிருந்து கீழ்வரை நிதானமாக ஓட்டினோம். பதினொன்று ஒழிந்தது. பிறகு சிமுலேட்டருக்குள் போய், த்ராட்டிலுக்கு நேரே 'ரிவர்ஸ்' என்பதை டிக் செய்தோம். மேலும் கீழும் நேராயிற்று.

ஆனாலும் கறுப்பு நடுநடுவே தானாக ஆடியது. அரை மணி நேரம் முழித்த பிறகுதான் தெரிந்தது. அவனுடைய பழைய ஜாய்ஸ்டிக்கிலும் ஒரு குட்டி த்ராட்டில் இருந்தது. புதுசு வாங்கியும் பழையதை வேலையிலிருந்து நீக்கவில்லை. ஒரே பஸ்ஸில் இரண்டு கண்டக்டர் விசில் அடித்தால் டிரைவர் என்ன செய்வார்? பழைய ஜாய்ஸ்டிக்கின் த்ராட்டிலை எடுத்துவிட்டோம்.

சிவப்பின் துள்ளலுக்குக் காரணம் தூசி. ரேடியோ ரிப்பேர்க் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் க்ளீனரைப் பீய்ச்சி ஐம்பது தடவை ஆட்டினோம். அடங்கியது.

நீலத்தில் ஒரு கோளாறும் இல்லை! அவன் ஓட்டியது செஸ்னா 172. அதன் ப்ரொபெல்லர் இறக்கை ஒரே கோணத்தில் நிலையாக இருப்பது. நீல லீவரே கிடையாது. பொனான்ஸா என்ற விமானத்துக்கு மாற்றினோம், வேலை செய்தது. நீலத்தை முன்னால் தள்ளினால் பஸ்ஸின் ஃபர்ஸ்ட் கியர் மாதிரி, கிளம்புவதற்கு. பின்னால் இழுத்தால் டாப் கியர், சாவகாசமாகப் போவதற்கு. இல்லாத லீவருக்காக மூன்று நாள் பட்டினி கிடந்திருக்கிறான்.

1929-ல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் விமானப் பயிற்சிக்காக ஆடும் பெட்டி ஒன்று செய்தார். அப்பா வைத்திருந்தது பியானோ, ஆர்கன் செய்யும் ஃபாக்டரி. அதில் இருந்த துருத்திகளை வைத்தே பெட்டியை ஆட வைத்தார். இரண்டாம் உலகப் போரில் ஏகப்பட்ட பைலட்டுகள் அதில்தான் பழகினார்கள். இதை அக்காவிடம் சொல்லலாம் என்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

"இப்ப விஷயத்தைச் சொல்லுடா."

சொன்னான். பைலட் ஆக வேண்டும். கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு பிளஸ் டூவில் பிசிக்ஸும் மேத்ஸும் கேட்டு வந்தார்கள். 2025-ல் அதை எடுத்துவிடலாம் என்று பேச்சு அடிபட்டது. பேச்சை நம்பி உட்கார முடியாது, திறந்தநிலைப் பள்ளியில் அந்த இரண்டு பாடத்தையும் எழுதிவிடுகிறேன் என்கிறான்.

"இதுல நீ ஓட்டின மணிக்கணக்கு?"

"ஒரு நிமிஷம்கூட சேராது மாமா. நிஜமா 200 மணி நேரம் பறக்கணும்."

இருநூறு மணி நேரம் என்றால் பல லட்சம். அந்த வீட்டில் லட்சம் என்று சொன்னால் திண்டிவனம் பக்கத்தில் அக்கா பெயரில் இருக்கும் ஒரே மனைதான். எனக்கு அடுத்த கேள்வி வரவில்லை. நானும் பன்னிரண்டாவதில் காமர்ஸ்தான். அந்த விதியை நானும் ஒருநாள் படித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மடித்து வைத்தவன். அது அக்காவுக்குத் தெரியாது.

அக்கா காபியோடு மாடி ஏறி வந்தாள். பொனான்ஸா 3,000 அடியில் போய்க்கொண்டிருந்தது. கீழே சாட்டிலைட் படத்தில் ரயில் பாதைகள் ஐந்தாகப் பிரிந்தன.

"இது நம்ம ஊரா? நம்ம வீடு எங்கடா?"

"இதோ, அந்தத் தெருதாம்மா."

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் எட்வின் லிங்க்கை ஆரம்பிக்க வாயைத் திறந்தேன்.

"இது எதைப் புடிச்சா நிக்கும்?" என்றாள்.

"அந்தச் சிவப்பு. சாவியால நிறுத்த மாட்டாங்க அக்கா. பெட்ரோலைக் கட் பண்ணி..."

சிவப்பைக் கடைசிவரை இழுத்தாள். சத்தம் அடங்கியது. எதிர்க்காற்றில் ப்ரொபெல்லர் மட்டும் சும்மா சுற்றியது.

"கீபோர்டுக்கு அடியில பிசிக்ஸ் புக்கு இருக்கறது ஒரு மாசமாத் தெரியும்" என்றாள் அவனிடம். "பரீட்சைக்கு ஃபீஸ் எவ்வளவுன்னு எழுதி வை. மத்தது அப்புறம். ரெண்டு பேரும் சாப்பிட வாங்க."

இறங்கிப் போய்விட்டாள். மருமகன் சிவப்பை முன்னால் தள்ளலாம் என்பதையே மறந்து ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தான். 2,400 அடி.

"மாமா, எங்க இறக்கறது?"

முண்டியம்பாக்கம் பக்கம் கரும்பு வயல் மாதிரி ஒன்று பச்சையாகத் தெரிந்தது.