எல்ஜி வாங்கினா தோழமை ஆகிடாது

2024 செப்டம்பர் 9 அன்று ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஃபிரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின் செய்யும் ஆலை. கோரிக்கை சம்பள உயர்வு. அதைவிட முக்கியமாக, சிஐடியு சார்ந்த தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். போராட்டம் 37 நாள் நீடித்தது. அதே நாட்களில் சாம்சங்கின் பண்டிகை ஆஃபர் விளம்பரங்களும் ஓடின.

இதைக் கேட்டதும் நம்மில் பலருக்குத் தோணுறது ஒண்ணுதான்: "சரி, இந்தத் தீபாவளிக்கு அம்மா அப்பாவுக்கு எல்ஜி ஆர்டர் பண்ணிடலாம்." தோழர்களே, இது அரசியல் இல்லை, ஷாப்பிங்.

ஸ்ட்ரைக் நேரத்து விளம்பரம் யாருக்கு வேலை செய்யுதுன்னு யோசிங்க. அது ஒரு பிராண்டை மட்டும் விற்பதில்லை, "புது ஃபிரிட்ஜ் வேணும்" என்ற ஆசையையும் சேர்த்து விற்கிறது. ஆசையோட ஷோரூமுக்குப் போறவர் கேட்ட மாடல் ஸ்டாக் இல்லைன்னா, பக்கத்துல நிக்கிற எல்ஜியோ வேர்ல்பூலோதான் வீட்டுக்கு வரும். சாம்சங் போட்ட விளம்பரக் காசு போட்டியாளருக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும். பண்டிகைக்கு முன்னால் தொடங்கிய போராட்டத்தின் பலமே இதுதான். அதனால்தான் நிர்வாகம் ஒப்பந்தத் தொழிலாளர்களை வைத்து ஆலையை ஓட்டப் பார்த்தது.

"அப்போ நாம பிராண்ட் மாத்தினாலும் அழுத்தம்தானே?" சங்கம் அழைத்து, கோரிக்கையைச் சொல்லி, எல்லாரும் சேர்ந்து செய்தால் அழுத்தம். சத்தமில்லாம மாத்தினா, கம்பெனி கணக்கில் அது வெறும் விற்பனைக் குறைவு. பிறகு அதே குறைவு தொழிலாளிக்கு எதிரான மிரட்டலாகத் திரும்பி வரும்: "ஸ்ட்ரைக்கால மார்க்கெட் போச்சு, இனி வேலையும் போகும்." முதலீடு வேற மாநிலத்துக்கு ஓடிடும்ங்கிறதும் இதே பூச்சாண்டிதான். அதைக் காட்டித்தான் போராட்டப் பந்தலைப் பிரித்ததும், தொழிலாளர்களைக் கைது செய்ததும் நியாயமாக்கப்பட்டது.

இந்தப் பூச்சாண்டிக்குப் பதில் நம்ம பிளானோவிலேயே இருக்கு. டொயோட்டாவின் வட அமெரிக்கத் தலைமையகம் இங்கேதான். 2023 செப்டம்பரில் யுஏடபிள்யூ சங்கம் ஃபோர்டு, ஜிஎம், ஸ்டெல்லான்டிஸ் மூன்றிலும் ஸ்ட்ரைக்கைத் தொடங்கியபோது, சங்கமே இல்லாத டொயோட்டாவுக்குத்தான் லாபம் என்றார்கள். நடந்தது என்ன? நாலரை ஆண்டில் 25 சதவீத அடிப்படைச் சம்பள உயர்வை சங்கம் வென்றது. உடனே டொயோட்டாவும் தன் தொழிலாளர்களுக்கு சுமார் 9 சதவீதம் கூட்டியது. கருணையா? சங்கம் உள்ளே வந்துடுமோங்கிற பயம். அடுத்த ஏப்ரலில் சட்டனூகா ஃபோக்ஸ்வாகன் தொழிலாளர்கள் யுஏடபிள்யூவுக்கே வாக்களித்தார்கள். ஆக, போட்டியாளர் பிரச்சினைக்கு வழி போட்டியாளரிடம் பொருள் வாங்குவதில்லை, அங்கேயும் சங்கம் கட்டுவது.

சாம்சங்குக்கும் இதே ஊரில், லெகஸி பகுதியில் பெரிய அலுவலகம் இருக்கு. ஸ்ரீபெரும்புதூர் சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' வரக்கூடாது, அது எங்க டிரேட்மார்க் என்று வாதாடிய கம்பெனி இது. விளம்பரப் பலகையில் இருக்கலாமாம், அதைச் செய்தவர்களின் சங்கப் பலகையில் கூடாதாம்! கடைசியில் 2025 ஜனவரியில் அந்தப் பெயரிலேயே சங்கம் பதிவானது.

அடுத்த ஸ்ட்ரைக் வரும்போது முதல்ல சங்கம் என்ன கேட்குதுன்னு பாருங்க. புறக்கணிப்புன்னா வெளிப்படையா புறக்கணிப்போம். நிதின்னா நிதி. லெகஸி அலுவலகத்து வாசலில் பதாகைன்னா, இருபது நிமிஷ டிரைவ்தான். எதுவும் கேட்கலைன்னா, எந்த பிராண்டின் ஆஃபரையும் ஃபேமிலி குரூப்பில் ஃபார்வர்ட் பண்ணாதீங்க. அந்தப் போராட்டச் செய்தியைப் பண்ணுங்க.