பட்டரியில் ஓடிய டாங்கிகள்

இலங்கையின் மிகப் பெரிய அனல் மின்நிலையம் எங்கள் நுரைச்சோலைக் கடற்கரையில் நிற்கிறது. 2011இல் முதல் அலகு, 2014இல் மற்ற இரண்டு. மொத்தம் 900 மெகாவாட். அதன் புகைபோக்கியைப் பார்த்து வளரும் பிள்ளைகளிடம், இதே ஊரில் டிவி பார்ப்பதற்காகக் கார் பட்டரியைச் சைக்கிள் கரியரில் கட்டிச் சந்திக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வந்தோம் என்றால் நம்பத் தயங்குகிறார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஒழுங்கைக்குக் கரண்ட் வரவில்லை. டிவி கேம் மட்டும் வந்துவிட்டது.

சவூதியில் வேலை செய்த சாச்சா லீவில் வந்தபோது கொண்டுவந்த பெட்டி அது. இரண்டு ரிமோட், ஓர் அடப்டர், மஞ்சள் நிறத்தில் ஒரு கசட். வெளிநாட்டுக் காசு வந்த வீடுகளில் அப்படி ஒன்றிரண்டு பெட்டிகள் இருந்தன. அவற்றின் மூலம், 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் நிண்டெண்டோ விற்பனைக்கு விட்ட ஃபேமிலி கம்ப்யூட்டர். அதன் அசலை நான் கண்டதே இல்லை. எங்களுக்கு வந்தவை நகல்கள். தாய்வானின் யூஎம்சி போன்ற நிறுவனங்கள் அந்த இயந்திரத்தின் சிப்புகளைப் போலவே இயங்கும் சிப்புகளைச் செய்து கொடுத்தன. அவற்றை வைத்து ஆளுக்கொரு பெயரில் பெட்டிகள் உலகெங்கும் போயின. ரஷ்யாவில் 1992இன் முடிவில் அறிமுகமான டெண்டியும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். ஸ்பெக்ட்ரம், கொமடோர், அமிகா என்று ஐரோப்பியப் பிள்ளைகள் ஆடிய வீட்டுக் கணினிகளின் பெயர்கூட எங்கள் காதுக்கு எட்டவில்லை. எங்கள் கைக்குக் கிடைத்த முதல் கணினி இந்த நகல் பெட்டிதான். அதனாலேயே அதற்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன்.

அதைப் பட்டரியில் ஓட வைத்தவர் சந்தியில் ரேடியோ திருத்தும் நானா. பெட்டியைத் திறந்து, உள்ளே மூன்று காலோடு நிற்கும் ஒரு சிறு கறுப்புத் துண்டை விரலால் தொட்டுக் காட்டினார். எவ்வளவு வோல்ட் உள்ளே வந்தாலும் 5 வோல்ட்டை மட்டும் சிப்புக்கு அனுப்பி, மிச்சத்தைச் சூடாகக் கழித்துவிடுவது அதன் வேலை. 12 வோல்ட் பட்டரியைக் கொடுத்தால் சூடு கூடும் என்று ஓர் அலுமினியத் தகட்டை அதன் முதுகில் திருகி விட்டார். பட்டரி இறங்க இறங்க டிவியில் படம் நான்கு பக்கமும் சுருங்கி நடுவுக்கு வரும். அதற்குள் ஆடி முடித்துவிட வேண்டும்.

எங்களுடையது கறுப்பு வெள்ளை டிவி. எல்லாரும் விரும்பிய ஆட்டம் டாங்கி கேம். நம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட பேட்டில் சிட்டி. ஒவ்வொரு கட்டத்திலும் 20 எதிரி டாங்கிகள். கீழே செங்கல் சுவருக்குள் இருக்கும் கழுகுச் சின்னத்தைக் காக்க வேண்டும். முதல் ஆளின் டாங்கி மஞ்சள், இரண்டாம் ஆளின் டாங்கி பச்சை என்பதை வெகுகாலம் கழித்துக் கலர் டிவியில்தான் அறிந்தேன். எங்கள் திரையில் இரண்டும் ஒரே சாம்பல். கூட்டாளியின் குண்டு பட்டால் நம் டாங்கி சிறிது நேரம் அசையாது நிற்கும். ஆகவே வாயால் சொல்லிக்கொண்டே ஆடினோம். "மச்சான், நான் இடப்பக்கம் போறன், நீ கழுகப் பாரு." கூட்டாளியோடு பேசாமல் அந்த ஆட்டத்தை ஆட முடியாது.

அந்த நாட்களில் அந்தப் பேச்சுக்குப் பெரிய பெறுமதி இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்தார்கள். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியவர்கள் பலர். நுரைச்சோலையிலும் ஆலங்குடாவிலும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. முதலில் சோறும் இடமும் கொடுத்த ஊர்தான் இது. ஆண்டுகள் போகப் போக, தண்ணீர், தோட்டக்கூலி, பள்ளிக்கூட இடம் என்று ஊராருக்கும் வந்தவர்களுக்கும் உரசல்களும் இருந்தன. பெரியவர்கள் பேச்சில் 'அகதி' என்ற சொல் சில நேரம் கூர்மையாகவே விழும். டிவி முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த எங்களுக்குள் அது வரவில்லை. ரிமோட் இரண்டுதான், ஊர்ப் பிள்ளை கையில் ஒன்று, முகாம் பிள்ளை கையில் ஒன்று என்று மாறி மாறிப் போகும்.

மன்னாரிலிருந்து வந்த என் கூட்டாளி ஒருவன் சண்டை போடுவதைவிட அந்த ஆட்டத்தில் இருந்த 'கட்டும்' பகுதியையே விரும்பினான். 13க்கு 13 கட்டங்கள். செங்கல், இரும்பு, தண்ணீர், மரம் என்று பட்டனை அழுத்தி மாற்றி நாமே ஒரு களத்தை அமைக்கலாம். அவன் ஓரத்தில் தண்ணீரை வைப்பான், அது கடல். அதை ஒட்டி மரங்கள். அதற்குப் பின்னால் இரண்டு வரிசை செங்கல், நடுவில் ஒழுங்கை. "இது எங்கட ஊடு, இது பள்ளிவாசல்" என்று விரல் வைத்துக் காட்டுவான். அந்த ஆட்டத்தில் கட்டியதைச் சேமித்து வைக்க வழியில்லை. சுவிட்சை நிறுத்தினால் போய்விடும். அடுத்த முறை வரும்போது முதலிலிருந்து அதே ஊரைக் கட்டுவான். டாங்கிகளை அந்த ஊருக்குள் விட அவன் சம்மதித்ததே இல்லை.

அந்த ஆட்டங்களைச் செய்தவர்களின் திறமையையும் சொல்ல வேண்டும். அந்த இயந்திரத்தின் வேலை நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படத்தின் அளவில் அப்படிப் பல பத்து ஆட்டங்களை வைக்கலாம். இடம் போதாததால் வானத்து மேகத்தையும் தரையிலுள்ள புதரையும் ஒரே உருவத்தில் வரைந்து நிறத்தை மட்டும் மாற்றினார்கள். வேலை செய்தவர்களின் சிக்கனம் விளையாடுபவனுக்குக் குறையாகத் தெரியவே இல்லை. கொனாமியில் கசுஹிசா ஹஷிமோட்டோ 1986இல் கிரேடியஸ் ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்கத் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட ஒரு பட்டன் வரிசை, பின்பு கொன்ட்ரா ஆட்டத்தில் 30 உயிர் தரும் மந்திரமாயிற்று. மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. புத்தகமும் டெலிபோனும் இல்லாத எங்கள் ஊருக்கும் முகாம்களுக்கும் அது வாய்வழியாகவே வந்து சேர்ந்தது. ஹஷிமோட்டோ 2020இல் காலமானார். அவர் விரல் போட்ட வழியை இந்த மணல்திட்டில் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்ட்ரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. முறையாக வெளியான அசல்களின் கதியே இது. எந்தப் பதிவேட்டிலும் ஏறாத நம் நகல் பெட்டிகளை நாம் வைத்திருந்தால்தான் உண்டு. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் நூலகம் நிறுவனம் 2005 முதல் எண்ணிமப்படுத்திச் சேர்த்து வருகிறது. அகதி வாழ்க்கையைப் பற்றி அறிக்கைகளும் ஆய்வுகளும் நிறைய உண்டு. அவற்றில் நிவாரண அட்டை இருக்கிறது, குடும்பக் கணக்கு இருக்கிறது. பிள்ளைகள் எதை ஆடிச் சிரித்தார்கள் என்பது இல்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டோம்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். பரணிலும் அலுமாரிக்கு அடியிலும் கிடக்கும் அந்தப் பெட்டிகளை வீசாதீர்கள். கடற்காற்றின் உப்பு கசட்டின் செப்புப் பற்களை அரித்துவிடும். அன்று போல வாயால் ஊதாதீர்கள்; எச்சில் ஈரம் அரிப்பைக் கூட்டும். அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, ஈரமில்லாத டப்பாவில் மூடி வையுங்கள். மேலே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, யார் எந்த நாட்டிலிருந்து கொண்டுவந்தது, எந்த ஆண்டு, யார் யார் ஆடினார்கள் என்று எழுதுங்கள். கற்பிட்டி, புத்தளம் பள்ளிக்கூடங்களின் ஆசிரியர்கள் அடுத்த தவணையில் இதையே ஒரு செயற்றிட்டமாகக் கொடுக்கலாம்: உங்கள் வாப்பாவிடமும் உம்மாவிடமும் கேட்டு, அவர்கள் ஆடிய ஆட்டங்களை எழுதி வாருங்கள் என்று. இரண்டு தவணைக்குள் எங்கள் தலைமுறையின் பிள்ளைப்பருவம் பிள்ளைகள் கையாலேயே பதிவாகிவிடும்.