ஹோர்ன் போதாது, இடமும் விடுங்கள்

கல்முனை - அக்கரைப்பற்று பிரதான வீதியில் வாகனம் ஓட்டும் சகோதரர்களுக்காக இதை எழுதுகிறேன். பகல் பாடசாலை விடும் நேரத்திலும் பின்னேரம் டியூசன் முடியும் நேரத்திலும் எங்கள் பிள்ளைகள் அந்த வீதியில்தான் சைக்கிளில் வருகிறார்கள்.

"ஓரமாகப் போகத் தெரியாதா?" என்று ஏசுகிறீர்கள். அந்த ஓரத்தில் ஒருநாள் சைக்கிள் ஓடிப் பாருங்கள். ஒரு இடத்தில் மணல் மூடிக் கிடக்கும். இன்னொரு இடத்தில் வடிகான் மூடி உடைந்திருக்கும். அதையும் தாண்டினால், "ரெண்டு நிமிசம்" என்று யாரோ வெள்ளைக் கோட்டின் மேல் காரை நிறுத்திவிட்டுப் பார்சல் வாங்கப் போயிருப்பார். பிள்ளை வீதிக்குள் வருவது விளையாட்டுக்கு அல்ல.

ஹோர்ன் விசயம் இன்னும் மோசம். கிட்ட வந்து திடீரென அடித்தால் பிள்ளை திடுக்கிட்டு வலப்பக்கம் திரும்பிப் பார்க்கும். தலை திரும்பும் பக்கம் ஹேண்டிலும் கொஞ்சம் திரும்பும். அதாவது உங்கள் வாகனத்தின் பக்கம். ஊருக்குள் சட்டப்படி 50 கிலோமீற்றர் வேகத்தில் போனாலும் ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 14 மீற்றர் ஓடிவிடுகிறீர்கள். பிரேக் பிடிக்க எங்கே நேரம்? "நான் ஹோர்ன் அடித்தேன்தானே" என்று பிறகு பொலிஸில் சொல்லிப் பயனில்லை.

எவ்வளவு இடம் விடவேண்டும்? பிரித்தானியாவில் 2022இல் திருத்திய வீதி விதிகளில், சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீற்றர், வீதியில் நடந்துபோகிறவருக்கு 2 மீற்றர் என்று எழுதியிருக்கிறார்கள். வேகம் கூடினால் சைக்கிளுக்கு இன்னும் அதிகம் விடவேண்டும். எங்கள் வீதியில் அவ்வளவு அகலம் இல்லையே என்பீர்கள். சரிதான், எதிரே பஸ் வந்தால் அந்த இடம் கிடைக்காது. அப்போது முந்தாமல் சைக்கிளுக்குப் பின்னால் மெதுவாக வாருங்கள். பஸ் கடந்துபோகச் சில செக்கன்தான் ஆகும்.

மஞ்சள் கடவையும் இப்படித்தான். ஒரு கார் அங்கே நின்றால், அதை முந்திப் பாயும் மோட்டார் சைக்கிள்காரருக்கு காரின் மறைவில் கடக்கும் பிள்ளை தெரிவதேயில்லை.

ஒற்றை வரிசையில் போகும்படி பாடசாலையில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். மணலுக்கும் வடிகானுக்கும் உரியவர்களிடம் எழுதிக் கேட்போம். அதுவரை காரையாவது வெள்ளைக் கோட்டுக்கு வெளியே தள்ளி நிறுத்துங்கள்.