சராசரி போடத் தெரியும். சராசரி என்ன சொல்லுதுன்னு தெரியுமா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெரு, ஐந்து வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வீடுகளில் தறி ஓடுகிறது. மாத வருமானம் முறையே 9,000, 10,000, 10,000, 11,000 ரூபாய். ஐந்தாவது வீடு பட்டுச்சேலை வியாபாரியுடையது; அவருக்கு 1,10,000. சராசரி எவ்வளவு? பத்தாம் வகுப்பு மாணவர் கூட்டி, ஐந்தால் வகுத்து, 30,000 என்று எழுதிவிடுவார். முழு மதிப்பெண்.

அவரிடமே இன்னொன்று கேளுங்கள். “சராசரியே முப்பதாயிரம் வருதே, இந்தத் தெருவுக்கு எதுக்கு உதவித்தொகை?”ன்னு ஒருத்தர் சொன்னா நீ என்ன பதில் சொல்லுவ?

முப்பதாயிரத்துக்குப் பக்கத்தில் அந்தத் தெருவில் ஒருவர்கூட இல்லை. வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் வருமானம், அதாவது இடைநிலை அளவு, 10,000தான். இதைச் சொல்லத் தெரிந்தால்தான் பாடம் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால், நம் தேர்வுகள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன.

திட்ட விலக்கமும் அப்படித்தான். முதல் 21 இயல் எண்களுக்குத் திட்ட விலக்கம் காணச் சொல்லும் கணக்கு பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது. சூத்திரத்தில் போட்டால் 6.05 வந்துவிடும். அதை வைத்து என்ன செய்வது? வேறு மாதிரி கேட்டுப் பார்க்கலாம்: ஒரு நெசவாளர் மூன்று சேலைகளை 14, 15, 16 நாட்களில் முடித்தார், இன்னொருவர் 8, 15, 22 நாட்களில். இருவருக்கும் சராசரி 15தான். முகூர்த்தத்துக்கு இன்னும் 17 நாள். யாரிடம் சேலையைக் கொடுப்பீர்கள்? கல்யாண வீட்டுக்காரர் சூத்திரம் இல்லாமலே பதில் சொல்லிவிடுவார். அந்தப் பதிலின் பெயர்தான் திட்ட விலக்கம் என்று வகுப்பில் யாராவது சொல்ல வேண்டாமா?

இந்த இடைவெளி நமக்குத் தெரியாததும் அல்ல. 15 வயது மாணவர்களுக்கான சர்வதேச ‘பிசா’ தேர்வின் 2009 சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. கணிதத்தில் தமிழ்நாட்டின் சராசரி 351. ஓஇசிடி நாடுகளுடையது 496. அடுத்த சுற்றிலிருந்து இந்தியா ஒதுங்கிக்கொண்டது. கேள்விகளின் சூழல் நம் பிள்ளைகளுக்கு அந்நியம் என்பது அப்போது சொல்லப்பட்ட குறை. அதில் நியாயம் இருக்கிறது. சரி, நம் சூழலில் நாமே கேட்டிருக்கலாமே? தறியும் ஜரிகையும் இங்கே யாருக்கு அந்நியம்?

‘எட்டு, ஒன்பது லட்சம் பேர் எழுதும் பொதுத்தேர்வில் இப்படியெல்லாம் கேட்டால் யார் திருத்துவது’ என்பார்கள். விளக்கம் எழுதச் சொன்னால்தான் அந்தச் சிக்கல். அமெரிக்காவில் அறிமுகப் புள்ளியியல் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்காக ‘காஸ்’ என்றொரு தேர்வை உருவாக்கினார்கள். 40 கேள்விகள், எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுப்பவை. எதிலும் பெரிய கணக்கு கிடையாது, புரிதல் மட்டும்தான். 2007இல் வெளியான ஆய்வின்படி, பாடம் நடத்துவதற்கு முன்பும் பின்பும் இதே தேர்வை வைத்தபோது சராசரி மதிப்பெண் சுமார் 45 சதவீதத்திலிருந்து 54க்குத்தான் ஏறியது. பருவம் முழுக்கப் படித்த பிறகும் அவ்வளவுதான். அங்கேயே அந்த நிலை என்றால், கேட்டே பார்க்காத நம் ஊரில் என்ன நிலைமையோ!

பொதுத்தேர்வு வினாத்தாளில் புள்ளியியலுக்கு வரும் கேள்விகளில் ஒன்றையாவது இப்படி மாற்றலாம். அதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்; காலாண்டுக்கு முன்னால் வரும் வகுப்புத் தேர்விலேயே ஓர் ஆசிரியர் அந்த முகூர்த்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.