இரவுச் சாப்பாட்டு மேசையிலிருந்து காணாமல் போகும் ஒயின்: திராட்சைக் கொடிகளைப் பிடுங்க பிரான்ஸ் பணம் கொடுப்பது ஏன்?

ஒயின் என்றாலே பிரான்ஸ்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த நாட்டில்தான் இப்போது, திராட்சைக் கொடியை வேரோடு பிடுங்கும் விவசாயிக்கு அரசு பணம் கொடுக்கிறது. 2024-ல் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி ஒரு ஹெக்டேருக்கு 4,000 யூரோ, நம்ம கணக்கில் சுமார் 4 லட்சம் ரூபாய். மொத்தம் 12 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. இலக்கு 30,000 ஹெக்டேர் வரை, அதாவது சுமார் 74 ஆயிரம் ஏக்கர். அதுவும் போதவில்லை. 2025 நவம்பரில் மேலும் 13 கோடி யூரோ அறிவித்தார்கள்.

இதற்கு முந்தைய ஆண்டு, 2023-ல், விற்காமல் தேங்கிய ஒயினை அழிக்கவே 20 கோடி யூரோ செலவிட்டார்கள். அழிப்பது என்றால் சாக்கடையில் ஊற்றுவது இல்லை. காய்ச்சி வடித்து ஆல்கஹாலாக எடுத்து, சானிடைசர், கிளீனிங் திரவம், வாசனைத் திரவியம் செய்யக் கொடுத்துவிடுவது.

ஏன் இந்த நிலை? டிரம்ப் வரி, பருவநிலை மாற்றம், சீனாவில் விற்பனை சரிவு என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எல்லாமே உண்மைதான். ஆனால் இது தொடங்கிய இடம் அதுவல்ல. பிரெஞ்சுக் குடும்பங்களின் சாதாரண இரவுச் சாப்பாட்டில் தொடங்கியது இது.

வாரத்துக்கு ஒரு பாட்டில்

1960 வாக்கில் பிரான்ஸில் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 120 லிட்டருக்கு மேல் ஒயின் குடித்தார். இப்போது அது 40 லிட்டர் அளவுக்கு வந்துவிட்டது. முக்கால் லிட்டர் பாட்டில் கணக்கில் பார்த்தால், அன்று ஆண்டுக்கு 160 பாட்டில், இன்று 53. இரண்டு நாளைக்கு ஒரு பாட்டில் என்று இருந்தது, வாரத்துக்கு ஒரு பாட்டில் ஆகியிருக்கிறது.

அன்று குடித்த ஒயின் நாம் சினிமாவில் பார்க்கும் நீளக் கழுத்துக் கண்ணாடிக் கோப்பை ஒயின் அல்ல. லிட்டர் பாட்டிலில் வரும், விலை மலிவான, ஆல்கஹால் குறைந்த 'மேசை ஒயின்'. பெரும்பாலும் தெற்கே லாங்குடாக் பகுதியிலிருந்து வரும். தண்ணீர் கலந்துகூட குடிப்பார்கள். நம்ம வீட்டில் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் மோர் இருப்பது மாதிரி அது மேசையில் இருந்தது, அவ்வளவுதான்.

எவ்வளவு சாதாரணம் என்றால், பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில்கூட ஒயின் இருந்தது. 1956-ல்தான் 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியில் மது கொடுக்கக் கூடாது என்று தடை வந்தது. மேல்நிலைப் பள்ளிகளில் முழுத் தடை வர 1981 ஆகிவிட்டது. 1954-ல் பிரதமராக வந்த மெண்டெஸ் பிரான்ஸ், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தபோது அதைக் கிண்டல் செய்தவர்களும் உண்டு.

'எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின்?' யார் வைத்த விதி?

இறைச்சிக்கு ரெட் ஒயின், மீனுக்கு ஒயிட் ஒயின் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஏதோ பணக்காரர்கள் கண்டுபிடித்த சம்பிரதாயம் மாதிரி தெரியும். உண்மையில் அது பழைய வீட்டுச் சமையலில் இருந்து வந்தது. அல்சாஸ் பகுதியில் புளித்த முட்டைக்கோஸும் பன்றி இறைச்சியும் சமைப்பார்கள். அங்கே விளைவது புளிப்பான ரீஸ்லிங். லுவார் நதி கடலில் சேரும் பகுதியில் சிப்பி கிடைக்கும். அங்கே மஸ்கடே என்ற ஒயிட் ஒயின். பக்கத்தில் எது விளைந்ததோ அதைச் சேர்த்துச் சாப்பிட்டார்கள். அதற்கு யாரும் அட்டவணை பார்க்கவில்லை.

இதில் அறிவியலும் இருக்கிறது. ரெட் ஒயினில் திராட்சைத் தோலில் இருந்து வரும் 'டானின்' என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். பால் விடாத டிகாஷன் டீ குடித்தால் நாக்கு வறண்டு இழுக்குமே, அதுதான் டானின். பால் ஊற்றினதும் அந்தத் துவர்ப்பு அடங்கிவிடும், ஏனென்றால் பாலில் உள்ள புரதம் டானினைப் பிடித்துக்கொள்கிறது. மாட்டிறைச்சிக் குழம்போடு ரெட் ஒயின் இதமாக இருப்பதும் கிட்டத்தட்ட இதே காரணத்தால்தான். மீன் விஷயத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ரெட் ஒயினில் உள்ள இரும்புச் சத்துதான் கடலுணவோடு சேர்ந்து வாயில் கவுச்சி அடிக்க வைக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-ல் கண்டறிந்தார்கள்.

சரி, அந்த வீட்டுச் சமையல் இப்போது எங்கே? மணிக்கணக்கில் வேகவைத்த மாட்டிறைச்சியும் காய்கறியும் வார நாட்களில் அபூர்வம். பீட்ஸா, பாஸ்தா, சிக்கன், பர்கர், சுஷி, வட ஆப்பிரிக்கக் குடும்பங்கள் கொண்டுவந்த கூஸ்கூஸ், தாய், இந்திய உணவு என்று தட்டு மாறிவிட்டது. இதில் பலவற்றுக்குத் துவர்ப்பான ரெட் ஒயின் ஒத்துவராது. காரம் இருந்தால் இன்னும் மோசம். ஆல்கஹால் காரத்தின் எரிச்சலைக் கூட்டும், அதோடு துவர்ப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். லேசான இனிப்பும் குறைந்த ஆல்கஹாலும் உள்ள ஒயிட் ஒயின்தான் கொஞ்சம் தாங்கும்.

இதில் ஒரு வேடிக்கை. தட்டு இலகுவாகிக்கொண்டே போன காலத்தில் ஒயின் கனமாகிக்கொண்டே போனது. வெயில் கூடினால் திராட்சையில் சர்க்கரை கூடும், சர்க்கரை கூடினால் ஆல்கஹால் கூடும். 11 சதவீதம் இருந்த இடத்தில் இன்று 14 சதவீத ரெட் ஒயின் சாதாரணம். பிரான்ஸில் அதிகம் அடிவாங்கியிருப்பதும் ரெட் ஒயின்தான். போர்தோ பகுதியில் மட்டும் 2023-ல் 9,500 ஹெக்டேரைப் பிடுங்கத் தனித் திட்டமே போட்டார்கள்.

லேபிள் யோசனை சொன்னால் போதுமா?

பிரெஞ்சு சூப்பர் மார்க்கெட்டில் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்க லேபிளில் எந்த உணவோடு குடிக்கலாம் என்று எழுதியிருக்கும். சிக்கன், பீட்ஸா என்று வார நாள் சாப்பாட்டுக்குள் மறுபடி நுழையத்தான் இந்த முயற்சி. இது பெரிதாகக் கைகொடுக்கும் என்று தோன்றவில்லை. பொருத்தம் தெரியாததால் மக்கள் ஒயினை விட்டுவிடவில்லை. எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து தினமும் ஒரு பாட்டிலைத் திறக்கும் பழக்கமே போய்விட்டது. தனியாக வாழ்பவர்கள் அதிகம். ஒரு ஆள் முக்கால் லிட்டர் பாட்டிலைத் திறந்தால், மிச்சம் சில நாட்களில் காற்றுப்பட்டு கெட்டுப்போகும். குழாய் வைத்த அட்டைப்பெட்டி ஒயின் அங்கே நன்றாக விற்பதற்கு இதுவும் ஒரு காரணம், அது வாரக்கணக்கில் தாங்கும்.

உடல்நலக் கவலையும் சும்மா இல்லை. 1991-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று, பிரெஞ்சுக்காரர்களின் இதயத்தை ரெட் ஒயின் காப்பாற்றுகிறது என்ற கருத்தைப் பரப்ப, அங்கே விற்பனை எகிறியது. அதே 1991-ல் பிரான்ஸ், மது விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் 'எவாங் சட்டத்தை' கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பிரான்ஸின் பொதுச் சுகாதார அமைப்பு சொல்வது இன்னும் நேரடியானது: ஒரு நாளைக்கு அதிகபட்சம் இரண்டு கோப்பை, அதுவும் தினமும் கூடாது. இதில் 'தினமும்' என்ற சொல்தான் முக்கியம், மேசை ஒயின் பிழைத்ததே தினசரி என்ற பழக்கத்தில்தானே.

ஆக, குடும்பங்கள் குறைவாகக் குடிப்பது நல்ல செய்தி. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பது சிறு விவசாயி. நட்டால் முதல் காய்ப்புக்கு மூன்று ஆண்டு, அதன்பின் பல பத்தாண்டு பலன் என்ற கணக்கில் கடன் வாங்கி நட்டவர்கள் அவர்கள். வார இறுதியில், விசேஷத்தில் திறக்கும் விலை உயர்ந்த பாட்டிலுக்கு இன்னும் ஆள் இருக்கிறது. நெருக்கடி முதலில் தாக்குவது மலிவான தினசரி ஒயினைச் செய்தவர்களை.

இந்தியா வாங்குமா?

உள்ளூரில் விற்காததை வெளியே விற்கலாம் என்ற நம்பிக்கையும் தளர்ந்திருக்கிறது. ஐரோப்பிய ஒயினுக்கு 200 சதவீத வரி போடுவேன் என்று டிரம்ப் 2025 மார்ச்சில் மிரட்டினார். கடைசியில் ஆகஸ்டில் 15 சதவீதம் வந்தது. உலகம் முழுக்க 2024-ல் குடித்த ஒயின் சுமார் 2,140 கோடி லிட்டர். 1961-க்குப் பிறகு இதுதான் குறைவு என்கிறது சர்வதேச ஒயின் அமைப்பு.

அதனால்தான் இந்தியா பக்கம் பார்வை திரும்புகிறது. இறக்குமதி ஒயினுக்கு இங்கே 150 சதவீத வரி. 2026 ஜனவரியில் பேசி முடிக்கப்பட்ட இந்தியா - ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தம் அதைப் படிப்படியாகக் குறைக்க வழி செய்கிறது. ஆனால் இந்தியாவில் சாப்பாட்டோடு ஒயின் குடிக்கும் பழக்கம் கிடையாது. இங்கே விற்பது பெரும்பாலும் விஸ்கி, பிராந்தி, பீர். மாநில வரிகள் தனி. தமிழ்நாட்டில் சில்லறை விற்பனையே டாஸ்மாக் கையில். வரி குறைந்தால் பயன்பெறப் போவது நட்சத்திர ஹோட்டலுக்கு வரும் பாட்டில்தான். லாங்குடாக் விவசாயியின் மேசை ஒயினுக்கு இங்கே மேசை இல்லை.

அங்கே சிலர் ஆலிவ், பிஸ்தா, மாதுளை என்று மாறிப் பார்க்கிறார்கள். பிடுங்கும் பணத்தை வாங்குகிறவர், அந்தக் கொடிக்குப் பதிலாக மறுபடி நடும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். ஹெக்டேருக்கு 4,000 யூரோ தருகிறோம் என்றதும், 2024 திட்டத்தில் சுமார் 27,000 ஹெக்டேருக்கு விண்ணப்பம் வந்து சேர்ந்தது.