மலைக்கு மூத்தவள் கண்டகி

நேபாளம் சிறிய நாடு. தெற்கே யானைகள் உலவும் தராய்ச் சமவெளி. அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவுக்குள் நிலம் 8,000 மீட்டருக்கு மேல் எழுந்துவிடுகிறது. அந்த மலைச்சுவரை அறுத்துக்கொண்டு இறங்கி வருபவள், நம் பூஜையில் எழுந்தருளியிருக்கும் சாளக்கிராமங்களைத் தந்த கண்டகி.

ஆறு மலையில் பிறக்கும் என்பதே நாம் அறிந்தது. கண்டகியோ இமயத்துக்கு மூத்தவள் என்பர் நிலவியலார். பாரத நிலம் வடக்கே நகர்ந்து திபெத்தை முட்ட, இடையிலிருந்த கடலின் அடித்தளம் மடிந்து மலையாயிற்று. மலை எழ எழ, நதி தன் வழியை விடாது அறுத்து வந்தாள். அதனால்தான் 8,167 மீட்டர் தவளகிரிக்கும் 8,091 மீட்டர் அன்னபூர்ணாவுக்கும் இடையே, சிகரங்களுக்கு 5,500 மீட்டர் கீழே ஓடுகிறாள்.

சாளக்கிராமத்தின் சக்கரங்களை வஜ்ரகீடம் என்னும் புழு குடைந்தது என்பது புராண வழக்கு. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் அக்கடலில் வாழ்ந்த சுருள் ஓட்டுயிரின் பதிவு என்கிறது விஞ்ஞானம். இரண்டுமே ஓர் உயிரின் சுவடு என்றுதான் சொல்கின்றன. இதில் வாதிட என்ன இருக்கிறது? பாற்கடலில் பள்ளிகொண்டவன் பண்டைக் கடலின் கல்லில் எழுந்தருள்வது அடியேனுக்குப் பொருத்தமாகவே படுகிறது.

திருமங்கையாழ்வார் சாளக்கிராமத்துக்குத் தனிப் பதிகமே அருளியுள்ளார். இன்று அதன் பொருட்டு நாம் சேவிக்கச் செல்லும் முக்திநாத் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் உள்ளது. மழைமேகங்களை அன்னபூர்ணா தெற்கிலேயே தடுத்துவிடுவதால், பச்சை மலைகளைக் காண நினைத்துச் செல்வோர் வெறும் மண்மேடுகளைக் கண்டு திகைப்பர். அவற்றின் நடுவே 108 தாரைகள் வற்றாது விழுகின்றன. அருகிலுள்ள ஜ்வாலாமாயி சன்னிதியில் பாறையிடுக்கின் இயற்கை வாயு நீரருகே சுடராக எரிகிறது. அங்கே பௌத்தரும் நம்மோடு வணங்குகின்றனர்.

முதிய அன்பர்கள் ஒன்றைக் கருத வேண்டும். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு, நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கே. சுமார் 800 மீட்டர் உயரமுள்ள பொக்ராவிலிருந்து ஒரே நாளில் ஏறி இறங்கும் அவசரம் வேண்டாம். ஜோம்சோமிலோ, பித்ரு காரியத்துக்குப் பெயர்பெற்ற காக்பேனியிலோ ஓரிரவு தங்கிச் செல்வது நலம். இதய நோயுள்ளோர் மருத்துவரைக் கேளாமல் புறப்படலாகாது. 108 தாரைகளிலும் நனைய வேண்டுமென்று உடன் வருவோர் வற்புறுத்தினாலும், பனிநீரைச் சிரசில் தெளித்துக்கொண்டால் போதும். முற்பகலுக்குப் பின் பள்ளத்தாக்கில் பெருங்காற்று கிளம்பும். ஜோம்சோம் விமானங்கள் காலையில் மட்டுமே பறப்பது அதனால்தான்.

மலையேற இயலாதோர் பீகாருக்குச் செல்லலாம். பாட்னாவுக்கு எதிர்க்கரையில், சோன்பூரில், இதே கண்டகி கங்கையோடு கலக்கிறாள். கஜேந்திரனுக்கு எம்பெருமான் அருள்புரிந்த தலமாக அவ்வூரார் போற்றும் ஹரிஹர க்ஷேத்திரம் அது. கார்த்திகைப் பௌர்ணமியில் அங்கே நீராடப் பெருங்கூட்டம் கூடும்; கூட்டம் ஒவ்வாதவர்கள் வேறொரு நாளில் செல்லலாம்.